கோணலாகக் கிடக்கும் முஸல்லா

ஜனவரி 9

அன்புள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். போன மாதம் பிடித்த சளி ஒரு வழியாக என்னை விட்டுப் போய்விட்டது. வாப்பாவின் முழங்கால், உம்மாவின் தோள்பட்டை இரண்டின் நிலவரத்தையும் தனித்தனியாக எழுதவும். போனில் நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவதால் எது முழங்கால், எது தோள்பட்டை என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

இதோடு ஒரு பார்சல் வரும். ஹோட்டல் சலவைப் பகுதியில் நாள் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்புகளையே பார்த்துப் பார்த்து என் கண் கொஞ்சம் நிறம் கேட்டது. வேலை விட்டு வரும் வழியில் ஒரு பழைய கம்பளக் கடை. அங்கே தொழுகைக்கு விரிக்கிற இந்த முஸல்லாவைப் பார்த்தேன். துருக்கியில் கையால் நெய்த கம்பளி. என் வயதைப் போல இரண்டு மடங்கு பழையது என்று கடைக்காரர் சொன்னார், என் வயதைக் கேட்காமலே. நல்ல அடர் சிவப்பு. நடுவில் பள்ளிவாசல் மிஹ்ராபைப் போல ஒரு பச்சை வளைவு. பார்த்ததும் வாப்பா அதில் நின்று தொழுவது மாதிரி மனதில் வந்துவிட்டது. அப்புறம் வாங்காமல் எப்படி வருவது?

ஒரே நிபந்தனை. மடிக்கக் கூடாது, மடித்தால் அடிநூல் ஒடிந்துவிடுமாம். தினம் சுருட்டி விரித்துச் சாகடிக்கவும் வேண்டாம். ஒரு இடத்தில் விரித்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
மகள்


பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

வ அலைக்கும் ஸலாம். முழங்கால் பரவாயில்லை. தோள்பட்டை பற்றி அவளே எழுதுவாள்.

பார்சல் சேதமின்றி வந்து சேர்ந்தது. மேற்படி விரிப்பு மிகவும் உயர்ந்த சரக்கு. நல்ல மண் நிறம், நடுவில் சாம்பல் நிற வளைவு, பார்க்க அடக்கமாக இருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். நம் அறையின் சுவர், தொழும் திசையான கிப்லாவுக்கு நேராகக் கட்டப்படவில்லை என்பது உனக்குத் தெரியும். இத்தனை காலம் பாய்தான். பாய்க்குத் தலை எது, கால் எது என்று கிடையாது. அது சுவரோரம் நேராகக் கிடக்கும், நாம் அதன்மேல் சற்றுத் திரும்பி நின்றுகொள்வோம். இதற்கோ வளைவு இருக்கிறது. வளைவு ஒரு பக்கம் பார்க்க, மனிதன் வேறு பக்கம் பார்த்து நிற்பதா? எனவே திசைகாட்டியை வைத்துச் சரியான கோணத்தில் நானே விரித்தேன். வேலைக் காலம் முழுக்க ஊரார் நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டவன், என் முஸல்லாவுக்கு எல்லை போட எனக்குத் தெரியாதா?

தொழுதுவிட்டு வெளியே போய்த் திரும்பினால் உன் உம்மா அதைச் சுவரோடு ஒட்டி நேராக இழுத்துவிட்டிருக்கிறாள். கேட்டால், "கோணலா கிடந்தா என் கண்ணுக்கு ஆகாது" என்கிறாள். நான் திருப்பிப் போடுகிறேன். அவள் இழுக்கிறாள். நீயே நியாயம் சொல்.

உன் வாப்பா


பிப்ரவரி 5

என் செல்ல மகளுக்கு,

ஸலாம். தோள்பட்டை அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

உன் வாப்பா உனக்குக் கடிதம் எழுதினார் என்று அவர் சட்டைக் கையில் இருந்த மை சொல்லிற்று. என்ன எழுதியிருப்பார் என்றும் தெரியும். நான் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் இருந்தவள். தாள் கட்டைத் தட்டித் தட்டி விளிம்பு சேர்த்த கை இது. ஒரு தாள் நூலளவு வெளியே நீட்டினாலும் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் கண்முன்னால் இவ்வளவு பெரிய கம்பளத்தைக் கோணலாகப் போட்டால் நான் என்ன செய்வேன்? "விரிப்பு நேரா கிடக்கட்டும், நீங்க திரும்பி நில்லுங்க, அல்லாஹ்வுக்குத் தெரியும்"னு சொன்னேன். அதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

முனை வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகிற வழி. அதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

மற்றபடி வாப்பா சுகம்தான். இப்போதெல்லாம் பேப்பரை என்னைத்தான் படிக்கச் சொல்கிறார். என் குரல் இனிமையாக இருக்கிறதாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உம்மா


மார்ச் 1

அன்புள்ள வாப்பா, உம்மா இருவருக்கும்,

ஸலாம். சுகம். நீங்களும் சுகமாக, சமாதானமாக இருப்பீர்கள் என்று நம்ப ஆசை.

நியாயம் சொல்லச் சொன்னீர்கள். இங்கே சலவைக்காரர்களுக்கும் மாடி வேலைக்காரர்களுக்கும் துண்டு மடிப்பதில் தகராறு வந்தால் நான்தான் தீர்த்து வைப்பேன். ஆகவே என் தீர்ப்பைக் கேளுங்கள். தொழும் நேரத்தில் வாப்பாவின் கோணம். மற்ற நேரத்தில் உம்மாவின் கோணம். வாப்பா தரையில் சாக்குக்கட்டியால் நான்கு மூலைகளையும் குறித்து வைத்தால் திரும்பப் போடுவது சுலபம்.

வாப்பாவுக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். மண் நிறம் என்று எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் விரிப்பை மாற்றிக் கட்டிவிட்டாரா? நான் வாங்கியது சிவப்பு.

அன்புடன்,
மகள்


மார்ச் 20

அன்பு மகளுக்கு,

ஸலாம். முழங்கால் பரவாயில்லை.

உன் யோசனைப்படி தரையில் குறியிட்டேன். அளவெடுத்து, கோணம் பார்த்து, மூலைக்கு ஒரு குறி. மறுநாள் காலை அவள் தரையைத் துடைத்துவிட்டாள். "அழுக்குன்னு நெனச்சேன்" என்றாள். அரசாங்க எல்லைக்கல்லைப் பிடுங்கினால் என்ன தண்டனை தெரியுமா என்று கேட்டேன். "இது அரசாங்க நிலமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு மேசைக்கு வருகிறது, நான் சாப்பிடுகிறேன். தேநீர் வருகிறது, குடிக்கிறேன். நேற்று அதில் உப்பு இருந்தது. அவள் வேண்டுமென்றே போட்டாள் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நான்தான் போட்டுக்கொண்டேன்.

உன் கடிதங்களை இனி என் பெயருக்குத் தனியாக அனுப்பவும்.

நிறம் பற்றிய உன் கேள்விக்கு, வெளிச்சத்தைப் பொறுத்தது.

வாப்


மார்ச் 22

செல்லத்துக்கு,

ஸலாம். ஆமாம், பேசுவதில்லை. அதற்காக நான் ஒன்றும் உருகிப்போய்விடவில்லை. கதவில் தொங்கிய என் மழைக்கோட்டைப் பார்த்து நேற்று அவர், "சரி, இந்த தடவை மன்னிச்சேன்" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். கோட்டு பதில் சொல்லாததால் இன்னும் கோபமாகிவிட்டார்.

உன் தீர்ப்பு வேண்டாம், மகளே. நீ சொன்ன மாதிரி தொழும் நேரத்தில் கோணலாகப் போடலாம். ஆனால் தொழுது முடித்து அவர் எழுந்து நடக்கிறாரே, அப்போது? ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நிற்க முடியுமா?

எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கேட்காதே, சொல்லமாட்டேன். உன் உம்மாவுக்குப் பிடிவாதம், கோணல் ஆகாது, வயதாக வயதாகக் கிறுக்கு முற்றுகிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குப் பாரமில்லை.

உம்மா


ஏப்ரல் 14

அன்புள்ள வாப்பா,

ஸலாம். சுகம்தானே?

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். வேண்டுமென்றுதான் பெரிதாக எழுதுகிறேன்.

உங்கள் மூன்று கடிதங்களையும் (போன வருடத்தது ஒன்று, இந்த வருடத்தது இரண்டு) மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன வருடம் வரிகள் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி இருக்கின்றன. பிப்ரவரியில் கொஞ்சம் மேலே ஏறுகின்றன. மார்ச்சில் வரிகள் மலை ஏறிப்போய்க் கடைசிச் சொல் தாளுக்கு வெளியே விழுந்துவிட்டது. "வாப்பா" என்பதில் "வாப்" மட்டும்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். உங்களுக்கு வந்தது சிவப்புதான். பச்சை வளைவுதான். வெளிச்சத்தைப் பொறுத்ததில்லை, வாப்பா.

என்னிடம் சொல்லுங்கள். எத்தனை நாளாகச் சரியாகத் தெரியவில்லை? நான் கோபப்படமாட்டேன். பயப்படுவேன், அது வேறு. நீங்கள் பதில் போடும்வரை பயந்துகொண்டேதான் இருப்பேன்.

மகள்


மே 10

அன்பு மகளுக்கு,

ஸலாம். பதில் தாமதம். மன்னிக்கவும்.

உன் பெரிய எழுத்தை இரண்டு பக்கம் நானே படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நீ உணர்ச்சிவசப்பட்டு மறுபடி சின்ன எழுத்துக்குப் போய்விட்டாய். அதை மட்டும் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் படித்துக் காட்டினார். மிகவும் நம்பிக்கையான மனிதர். ஒருவரிடமும் மூச்சுவிட மாட்டார்.

போன மழைக்காலத்திலிருந்தே இப்படித்தான். கண்ணாடியில் யாரோ மூச்சுவிட்டது போல எல்லாம் மங்கல். மருந்துக்கடைக்காரர் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் புரை, அறுவை செய்தால் சரியாகிவிடும் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மகளே, நான் கண்ணை வைத்துப் பிழைத்தவன். தூரத்தில் நட்ட கம்பு மயிரிழை சாய்ந்திருந்தாலும் இங்கிருந்தே சொல்வேன். அந்தக் கண்ணில் கத்தி படுவதா? கொஞ்சநஞ்சம் தெரிவதும் போய்விட்டால்? இது மட்டும்தான் என் பயம், வேறில்லை.

முக்கியமானது. உன் உம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது. அவள் பயந்துவிடுவாள். இப்போது அவளுக்கு இருக்கும் ஒரே கவலை விரிப்பின் கோணல்தான், அது அப்படியே இருக்கட்டும்.

வாப்பா


மே 12

மகளே,

ஸலாம். மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டார். உன் மூன்றாம் பக்கத்தையும் ஒப்பித்தார். "உங்க பொண்ணு கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். இனி எதை மறைத்து என்ன?

எனக்குப் போன வருஷமே தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், தெரியாமலிருக்குமா? சுவரை விரலால் தொட்டுக்கொண்டே நடப்பார். நான் வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். நானும் அதற்கேற்ப எல்லாவற்றையும் சுவரோரமாக, அவர் கைக்குப் பழகிய இடத்தில் வைத்தேன். நாற்காலி நகர்ந்தால் உடனே சரிசெய்தேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உன் கம்பளம் வந்தது.

வந்த மறுநாளே முனை காலில் மாட்டி முட்டிபோட்டு விழுந்தார். சத்தம் கேட்டு ஓடினேன். நான் வருவது தெரிந்ததும் மனிதர் அப்படியே நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவுக்குப் போய்விட்டார்! தொழுகை நேரமும் இல்லை, முகம் கிப்லாப் பக்கமும் இல்லை, குளியலறைப் பக்கம். நான் வாசலில் நின்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். எழுந்து, "உபரியா ரெண்டு ரக்அத் நஃபில் தொழுதேன்" என்றார். "அல்லாஹ் ஏத்துக்கட்டும்" என்றேன்.

அதற்காகத்தான் நேராக இழுக்கிறேன். நீங்கள் விழுவதைப் பார்த்தேன், அதனால் இழுக்கிறேன் என்று சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். கோணல் பிடிக்காத கிறுக்கியாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடாதே. சொன்னால் உன்னோடும் பேச்சில்லை.

உம்மா


ஜூன் 2

வாப்பா,

ஸலாம். பெரிய எழுத்திலேயே முடித்துவிடுகிறேன், மருந்துக்கடைக்காரருக்கு வேலை வேண்டாம்.

ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். எனக்கு நீங்கள் வேண்டும், விழாமல் வேண்டும். உங்களுக்குப் பயமாக இருக்கிறது, சரி, பயத்தோடேயே போங்கள். உம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் நீங்கள் நினைப்பதைவிடத் தைரியசாலி.

மகள்

(அதே நாள், வேறு உறையில்)

உம்மா,

அவர் ஒரு விஷயம் சொல்ல வருவார். தயவுசெய்து முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேளுங்கள்.

மகள்


ஜூலை 6

என் கண்மணிக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், வலது கண் ஆபரேஷன் முடிந்தது. ஓர் அரை மணி நேரக் காரியம். இதற்கா மனிதர் ஒரு வருஷம் சுவரைத் தடவினார்!

சொன்ன விதத்தைக் கேள். அடுப்படிக்கு வந்து, தொண்டையைச் செருமி, நான் நிற்கும் பக்கமா என்று ஒரு முறை உறுதி செய்துகொண்டு, "ஒரு தகவல்" என்றார். நானும் கரண்டியைக் கீழே போட்டேன். "என்னது! கண்ணா! எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று நெஞ்சில் கைவைத்தேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல. அவர் பதறிப்போய் என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதில் பாதி என் தோளில் ஊற்றினார். அப்புறம் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்றார். அன்று முதல் பேச்சு திரும்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மட்டும் என் கையை விடவேயில்லை. தோள்பட்டைதான் போயிற்று, பரவாயில்லை.

சில வாரம் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார்.

உம்மா


ஆகஸ்ட் 11

அன்பு மகளுக்கு,

ஸலாம். முழங்கால் பரவாயில்லை. வரிகளைக் கவனிக்கவும், அடிமட்டம் எதுவும் வைக்கவில்லை.

மேற்படி விரிப்பு சிவப்பு என்பதையும், வளைவு பச்சை என்பதையும் இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். சுபஹானல்லாஹ், என்ன சிவப்பு! கண் கட்டைப் பிரித்த அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொழ மறந்துவிடுவேனோ என்று பயமாகிவிட்டது.

அப்படி நாற்காலியில் உட்கார்ந்து தினமும் பார்த்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. விரிப்பு கோணலாகக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலை நான் போட்ட கோணத்திலேயே. முதல் நாள் அவளுக்கு நேரமில்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் தொடவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. கரண்டி கோணலாக இருந்தால் சோறு இறங்காதவள், அந்த முனையைத் தாண்டி நூறு தடவை போய் வந்தாள், குனிந்து பார்க்கக்கூட இல்லை.

கண் தெரிந்த நாளிலிருந்து விரிப்பை அவள் நேராக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று, மகளே. பிப்ரவரியில் முனை தடுக்கி விழுந்ததை மறைக்க நான் தொழுத ஒரு நஃபிலும் விளங்கிற்று. வாசலில் அவள் எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. இவ்வளவு காலம் அவளைக் கிறுக்கி என்று மருந்துக்கடைக்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து அழுதேன். கண்ணுக்குக் கூடாது என்று டாக்டர் சொன்னதையும் மீறி அழுதேன்.

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் போட்ட நாடகம் வீணாகிவிடும். பதிலாக, அவள் குளிக்கப் போன நேரத்தில் விரிப்பை நானே சுவரோடு ஒட்டி, விளிம்பு சேர்த்து, நேராகப் போட்டுவிட்டேன். அதன்மேல் திரும்பி நின்று தொழுதுகொள்கிறேன், அல்லாஹ்வுக்குத் தெரியும். வந்து பார்த்தாள். நான் கைகால் கழுவி ஒளூ செய்துவிட்டு வருவதற்குள் அதைக் கோணலாக்கி வைத்திருந்தாள். திசைகாட்டியில் பார்த்தேன், மிகச் சரியான கோணம்!

அன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. நான் நேராக இழுக்கிறேன், அவள் கோணலாக இழுக்கிறாள். "எனக்கு நேரா கிடந்தாதான் பிடிக்கும்" என்கிறேன். "கிப்லா உங்களுக்கு விளையாட்டா போச்சா?" என்று சண்டைக்கு வருகிறாள். முன்பு நடந்த சண்டையைவிட இது மோசம், இருவரில் ஒருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

சந்தேகம் தீர டேப் வைத்து அளந்தும் பார்த்தேன். விரிப்பின் தலைப்பக்கம் கால்பக்கத்தைவிட அகலத்தில் மூன்று விரல் குறைவு. நெய்ததே கோணல்தான். நெய்தவர் வீட்டிலும் யாரோ மறுபக்கம் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

அடுத்த மாதம் இடது கண். கூட வருவாள். உம்மாவுக்கும் தனியாக ஒரு முஸல்லா அனுப்பட்டுமா என்று போனில் கேட்டாய். வேண்டாம், மகளே. இழுக்க எங்கள் இருவருக்கும் இது ஒன்று போதும்.

உன் வாப்பா
(முழுச் சொல்லும் தாளுக்குள்ளேயே இருக்கிறதா பார்)